சொந்தப் படகில் ரீயூனியன் போவதற்கு முன்

கேள்வி: ஐயா, நான் தூத்துக்குடிக்காரன். மொரிஷியஸில் எபேனில் வேலை, ஆக்குபேஷன் பெர்மிட்டில் (வேலை செய்து வசிப்பதற்கான அனுமதி) இருக்கிறேன். போன வருடம் நானும் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் நண்பர் ஒருவரும் பங்கு போட்டு 38 அடிப் பாய்ப்படகு ஒன்றை வாங்கினோம். அதில் உலகம் சுற்றிவந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் கிராண்ட் பேயில் வைத்து எங்களுக்கு விற்றுவிட்டு விமானத்தில் ஊருக்குப் போய்விட்டார். நண்பரின் அத்தை ரீயூனியனில் சேன் ஆந்த்ரேயில் இருக்கிறார். தீபாவளிக்கு நாங்கள் நான்கு பேர் படகிலேயே அவர் வீட்டுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். பூஜைச் சாமான்களும் பலகாரமும் எடுத்துப்போக எண்ணம். என் மச்சான் சென்னையிலிருந்து விமானத்தில் ரீயூனியன் வந்து, திரும்பும்போது எங்களோடு படகில் மொரிஷியஸ் வருவான். "பக்கத்துத் தீவுதானே, கிராண்ட் பேயிலிருந்து நேரே கிளம்புங்கள், அங்கே போய்ச் சேர்ந்து சொன்னால் போதும்" என்கிறார்கள். சரியா? அடுத்த வருடம் டர்பன் வரைக்கும் போக ஆசை. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.
— குவாட்ரே போர்ன் வாசகர்

பதில்: தம்பி, உங்களுக்கு அப்படிச் சொன்னவர்கள் லகூனுக்குள் (பவளப்பாறைக்கு உட்பட்ட அமைதியான கரைக்கடல்) படகு ஓட்டிப் பழகியவர்களாக இருப்பார்கள். கரையைச் சுற்றி வருவது ஒரு கணக்கு, நாட்டை விட்டு வெளியே போவது வேறு கணக்கு. எல்லை தெரியாத கடலில் எல்லை தாண்டினால் என்ன நடக்கும் என்று ஒரு தூத்துக்குடிக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரீயூனியன் பார்வைக்குப் பக்கத்துத் தீவு. சட்டத்தில் அது 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம், ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் இருக்கும் நிலம். நீங்கள் போகப்போவது ஐரோப்பாவுக்கு.

போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்ட் வேலை செய்கிற எனக்கு, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்ட கேள்விகளைவிடக் கேட்காத ஒன்றுதான் பெரிதாகத் தெரிகிறது. உங்கள் படகு இப்போது எந்த நாட்டுப் படகு?

விற்றவர் அதைப் பிரெஞ்சுக் கொடியோடு இங்கே கொண்டுவந்திருப்பார். வந்துபோகும் பயணி என்பதால் சுங்கத்துறை வரி கேட்காமல் தற்காலிகமாக அனுமதித்திருக்கும். அந்தச் சலுகை அவருக்கானது, அவர் படகோடு திரும்பிப் போய்விடுவார் என்ற நம்பிக்கையில் தரப்பட்டது. இந்த நாட்டில் வசிக்கும் நீங்கள் இருவரும் அதை வாங்கிய அன்றே சலுகை முடிந்தது. அன்று முதல் உங்கள் படகு இறக்குமதியான ஒரு சரக்கு. அதற்கு மொரிஷியஸ் வருவாய் ஆணையத்தில் இறக்குமதி அறிவிப்புக் கொடுத்து, 15 சதவீத வாட் உட்பட உரிய வரியைக் கட்டியிருக்க வேண்டும். கட்டிய ரசீது இருக்கிறதா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இருந்தால் நல்லது. இல்லையென்றால் அதிகாரி கண்டுபிடிக்கும்வரை காத்திராமல் நீங்களே ஒரு கிளியரிங் ஏஜென்டோடு (சுங்க வேலைகளை முடித்துத் தருபவர்) போய்ச் சொல்லிவிடுங்கள். தானாக வந்து சொன்னவரையும் பிடிபட்டவரையும் எந்தச் சுங்க அலுவலகமும் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

கொடியும் அதே மாதிரிதான். ஓர் இந்தியரும் ஒரு மொரிஷியஸ்காரரும் சொந்தக்காரர்கள் என்றால் படகின் பிரெஞ்சுப் பதிவு தொடராது. பழைய சொந்தக்காரர் பதிவை நீக்கி, நீக்கியதற்கான சான்றை உங்களுக்குத் தந்திருக்க வேண்டும். அந்தச் சான்றைக் காட்டித்தான் 2007ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்தின் கீழ் இங்கே புதிதாகப் பதிவு செய்ய முடியும். சுற்றுலா ஆணையம் தரும் உல்லாசப் படகு உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதுவே போதும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. அது உள்ளூரில் ஓட்டுவதற்கான உரிமம். நடுக்கடலில் "நீ எந்த நாடு?" என்று கேட்டால் அது பதில் சொல்லாது. நாடற்ற கலம் என்று சந்தேகம் வந்தால் எந்த நாட்டுப் போர்க்கப்பலும் ஏறிச் சோதிக்கலாம் என்று 1982ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 110ஆவது பிரிவு சொல்கிறது. இதில் இன்னொன்றையும் யோசியுங்கள். பின்புறத்தில் பிரெஞ்சு ஊர்ப்பெயர் எழுதிய, பிரெஞ்சுப் பதிவு செல்லாத ஒரு படகை ஓட்டிக்கொண்டு நீங்கள் போய் நிற்கப்போவதே ஒரு பிரெஞ்சுத் துறைமுகத்தில். அந்தப் பதிவேடு அவர்கள் கையில்தான் இருக்கிறது.

ஆகவே கொடியும் வரியும் தீரும்வரை படகு கிராண்ட் பேயிலேயே இருக்கட்டும். தீபாவளிக்குள் முடியாவிட்டால் இந்த வருடம் விமானத்தில் போய் வாருங்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். படகு பறிபோனால் அதைவிடக் கஷ்டம்.

இரண்டும் முடிந்துவிட்டன என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

கிராண்ட் பேயிலிருந்து நேரே வெளிநாடு கிளம்ப முடியாது. போர்ட் லூயிஸ் வர வேண்டும், படகில் இரண்டு மூன்று மணி நேரம். கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே கோஸ்ட் கார்டுக்கும் சுங்கத்துக்கும் இமிக்ரேஷனுக்கும் தகவல் போக வேண்டும். படகில் போகிறவர்களின் பட்டியலான க்ரூ லிஸ்ட் ஐந்தாறு பிரதி எடுங்கள். படகின் பெயர், பதிவு எண், கொடி, ஒவ்வொருவரின் பெயர், பிறந்த தேதி, நாடு, பாஸ்போர்ட் எண், யார் ஸ்கிப்பர் (படகின் தலைவர்) என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இன்ஷியல் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால், ஒரு இடத்தில் அப்பா பெயராக விரிந்து நிற்கும். தமிழ்ப் பெயர்கள் உள்ள க்ரூ லிஸ்ட் திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான். நால்வரும் நேரில் வந்து பாஸ்போர்ட்டில் வெளியேறும் முத்திரை வாங்க வேண்டும். கடைசியில் போர்ட் கிளியரன்ஸ் என்ற புறப்பாட்டு அனுமதித் தாள் கைக்கு வரும்.

அந்தத் தாள்தான் எல்லாம். ஒரு பள்ளியிலிருந்து டி.சி. வாங்காத பிள்ளையை அடுத்த பள்ளி சேர்க்காதது போல, முந்தைய துறைமுகத்தின் கிளியரன்ஸ் இல்லாத படகை அடுத்த துறைமுகம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். "அங்கே போய்ச் சொன்னால் போதும்" என்று உங்களுக்குச் சொன்னவர்கள் மறந்தது இதைத்தான். அங்கே போனதும் அவர்கள் கேட்கும் முதல் தாள் இங்கிருந்து வாங்கியது. முத்திரை விழுந்தபின் சட்டப்படி நீங்கள் நாட்டில் இல்லை. மறந்த சாமானுக்காகத் திரும்பிக் கரையேறுவதும், மறுபடி கிராண்ட் பேக்குப் போய் நங்கூரம் போட்டு ஒரு இரவு தங்குவதும் கூடாது. டீசல், தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றையும் முதலிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். காற்று மாறிப் புறப்பாடு தள்ளிப்போனால் உடனே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

கிளம்புமுன் செய்யவேண்டிய இன்னொரு வேலையைப் பலர் தவறவிடுகிறார்கள். படகில் இருக்கும் விலையுயர்ந்த பொருள்களுக்கு வரிசை எண்ணோடு ஒரு பட்டியல் எழுதி, சுங்கத்தில் காட்டி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அவுட்போர்டு எஞ்சின், ரப்பர் டிங்கி, ஜெனரேட்டர், சாட்டிலைட் போன், லேப்டாப், கேமரா எல்லாம் வரட்டும். திரும்பி வரும்போது "இதை ரீயூனியனில்தானே வாங்கினீர்கள்" என்ற கேள்விக்கு அந்தத் தாள்தான் பதில். அங்கே உண்மையிலேயே பாயோ எஞ்சின் பாகமோ வாங்கினால் பில்லைப் பத்திரமாக வைத்து, வந்ததும் அறிவியுங்கள்.

பட்டியல் எழுதும்போதே படகின் ஒவ்வொரு அறையையும் பெட்டியையும் தரைப்பலகைக்கு அடியில் உள்ள இடத்தையும் காலி செய்து பாருங்கள். பல நாடு சுற்றிய படகு அது. பழைய சொந்தக்காரர் விட்டுப்போனது எங்கே என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. மீன் குத்தும் துப்பாக்கி மொரிஷியஸில் தடைசெய்யப்பட்ட பொருள், வெளிநாட்டுப் பாய்ப்படகுகளிலோ அது சாதாரணமாகக் கிடக்கும். சிகரெட் சுருட்டும் தாளும் இ-சிகரெட்டும்கூட இங்கே கொண்டுவரக் கூடாதவை. மருந்துப் பெட்டியைத் தனியாகப் பாருங்கள். நீண்ட பயணம் போகிறவர்கள் கடுமையான வலிநிவாரணியும் தூக்க மருந்தும் வைத்திருப்பார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் அவை உங்கள் படகில் அகப்பட்டால், "பழைய ஓனருடையது" என்ற விளக்கம் எடுபடாது. படகில் இருக்கும் எதற்கும் ஸ்கிப்பர்தான் பொறுப்பு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த இரு தீவுகளுக்கும் நடுவே படகில் கஞ்சா கடத்துகிற கூட்டம் பல வருடமாக இருக்கிறது. ரீயூனியனிலிருந்து இங்கே இரவில் விசைப்படகில் வரும், இரண்டு கரையிலும் அதைப் பிடிக்க ஆட்கள் விழித்திருக்கிறார்கள். சின்னத் தனியார் படகு என்றாலே முதலில் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். அதனால் இரவில் விளக்கில்லாமல் ஓட்டாதீர்கள். படகு இருக்கும் இடத்தை மற்றவர்களுக்குக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவி இருந்தால் அணைக்காதீர்கள். லாக் புத்தகத்தில் நேரமும் இடமும் எழுதிக்கொண்டே வாருங்கள். நடுவழியில் வேறு படகோடு ஒட்டி நிற்கவே வேண்டாம். மீன் வாங்குவதற்கானாலும் வேண்டாம். யாராவது ஏறிச் சோதித்தால் அமைதியாக விடுங்கள். கரையிலிருந்து 12 கடல் மைல் அவர்கள் ஆட்சிப் பரப்பு. 24 மைல் வரைக்கும் சுங்கச் சட்டத்துக்காகத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் உண்டு.

போர்ட் லூயிஸிலிருந்து ரீயூனியனில் லெ போர் ஊரிலுள்ள பொயின்த் தே கலே துறைமுகம் ஏறத்தாழ 130 கடல் மைல். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகம் என்றால் 26 மணி நேரம். காலை 10 மணிக்குக் கிளம்பினால் மறுநாள் நண்பகல் வாக்கில் அங்கே இருப்பீர்கள், அலுவலகம் திறந்திருக்கும். அத்தை வீடு கிழக்குக் கரையில், துறைமுகம் வடமேற்கில். வீட்டுக்குப் பக்கம் என்று கிழக்குக் கரையில் ஒதுங்க நினைக்காதீர்கள். முறைப்படி உள்ளே நுழையும் முன் வேறெங்கும் கரை தொடக் கூடாது. அதோடு தென்கிழக்கு வியாபாரக் காற்று நேரே அறையும் கரை அது. அங்குள்ள மரினாவுக்கும் (படகு கட்டும் துறை) பிரெஞ்சுச் சுங்கத்துக்கும் க்ரூ லிஸ்டோடு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிவையுங்கள். உங்கள் நாட்டுக் கொடி பின்னால் இருக்கட்டும். வலப்புறக் கயிற்றில் பிரெஞ்சுக் கொடியும் அதோடு மஞ்சள் நிற கியூ கொடியும் ஏறட்டும். "எங்கள் கலத்தில் நோயில்லை, உள்ளே வர அனுமதி கேட்கிறோம்" என்பது மஞ்சள் கொடியின் பொருள். அனுமதி கிடைக்கும்வரை ஸ்கிப்பரைத் தவிர யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது. அத்தை துறையில் நின்று கையசைத்தாலும் படகிலேயே இருங்கள்.

தேதியைக் கவனியுங்கள். தீபாவளி அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் பாதிக்குள் வரும். அங்கே தீபாவளிக்கு அரசு விடுமுறை இல்லை, ஆனால் நவம்பர் 1, 11 இரண்டும் விடுமுறை. இங்கே தீபாவளி விடுமுறை, நவம்பர் 2 ஒப்பந்தத் தொழிலாளர் வந்த நாளுக்காக விடுமுறை. இவற்றோடு சனி ஞாயிறும் சேர்ந்துவிட்டால் ஒரு தாளுக்காக மூன்று நாள் படகிலேயே உட்கார நேரும், அல்லது கூடுதல் நேரக் கட்டணம் கேட்பார்கள். நவம்பர் பிறந்தால் புயல் பருவமும் தொடங்கிவிடும். போகும்போது காற்று முதுகுக்குப் பின்னால் தள்ளும். வரும்போது அதே காற்றை எதிர்த்து வர வேண்டும், 26 மணி நேரம் என்பது இரண்டு நாளாகலாம். "திங்கள்கிழமை ஆபீஸ்" என்று தேதி குறித்துக்கொண்டு அங்கிருந்து கிளம்பாதீர்கள். வானிலை பார்த்து முடிவெடுத்தபின் அங்கே கிளியரன்ஸ் வாங்குங்கள்.

இனி பூஜைச் சாமான். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, மாவிலை, துளசி, பூமாலை எதுவும் வேண்டாம். கறிவேப்பிலை கண்டிப்பாக வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் பச்சையாதல் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கி வளரும். 2017இல் கீழைப் பழ ஈ ரீயூனியனுக்குள் புகுந்து மாந்தோப்புகளைப் பாழாக்கியது. ஒரு கூடைப் பழம் போதும், தீவு முழுவதும் விலை கொடுக்கும். இதைச் சட்டத்துக்குப் பயந்து மட்டும் செய்யாதீர்கள். அங்கே தோட்டம் வைத்துப் பிழைப்பவர்களில் நம் சனமும் இருக்கிறார்கள். நெய், பால்கோவா, நெய் சேர்ந்த பஞ்சாமிர்தம், இறைச்சி இவையும் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி வெளியிலிருந்து கரையிறக்க முடியாதவை. விபூதி, குங்குமம், சூடம், ஊதுபத்தி, குத்துவிளக்கு, பட்டு வேட்டி சேலை தாராளமாக எடுத்துப்போங்கள். மற்றதெல்லாம் அந்த ஊரிலேயே கிடைக்கும். கோயில்களும் காவடியும் அத்தனை தலைமுறையாக இருக்கிற ஊரில் வாழையிலைக்கும் தேங்காய்க்கும் பஞ்சமில்லை. வழியில் சாப்பிட எடுத்த பழமும் காய்கறியும் மிஞ்சினால் அறிவியுங்கள். குப்பையைக் கண்ட தொட்டியில் போடாமல் துறைமுகத்தில் கேட்டு, சொல்லும் இடத்தில் போடுங்கள்.

பணம் 10,000 யூரோவோ அதற்கு மேலோ கையில் இருந்தால் அறிவிக்க வேண்டும். மதுவைப் பொறுத்தவரை, திரும்பி வரும்போது இங்கே வரியில்லாமல் ஒருவருக்கு அனுமதி ஸ்பிரிட் 1 லிட்டர், வைனோ பியரோ 2 லிட்டர். அத்தை அன்போடு தரும் ரம் பாட்டில்களும் அந்தக் கணக்கில்தான் வரும்.

ஆள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நண்பர் மொரிஷியஸ் பாஸ்போர்ட்டில் குறுகிய காலத்துக்கு விசா இல்லாமல் போகலாம். நீங்கள் இந்திய பாஸ்போர்ட். ரீயூனியன் ஷெங்கன் பகுதிக்குள் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) இல்லை, ஆகவே ஷெங்கன் விசா இருக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள். ரீயூனியனுக்குச் செல்லும் என்று எழுதிய விசா வேண்டும். போர்ட் லூயிஸில் உள்ள பிரெஞ்சுத் தூதரகத்தின் மூலம் விண்ணப்பியுங்கள். படகில் வருகிறீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். ஆக்குபேஷன் பெர்மிட்டையும் கூடவே வைத்திருங்கள், திரும்பி வரும்போது கேட்பார்கள்.

உங்கள் மச்சானுக்குத்தான் சிக்கல் அதிகம். அவருக்கும் ரீயூனியன் விசா வேண்டும். அதைவிட, திரும்பும் டிக்கெட் இல்லாமல் ஒருவழி டிக்கெட்டில் வருகிறவரைச் சென்னை விமான நிலையத்திலேயே விமான நிறுவனம் ஏற்ற மறுக்கலாம். படகின் பெயர், பதிவு எண், புறப்படும் உத்தேசத் தேதி, "இவர் இந்தப் படகில் ரீயூனியனிலிருந்து மொரிஷியஸ் வருகிறார், செலவுக்கு நாங்கள் பொறுப்பு" என்ற வாசகம், ஸ்கிப்பர் கையெழுத்து எல்லாம் உள்ள கடிதம் அவர் கையில் இருக்கட்டும். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். படகின் பதிவுச் சான்று நகலையும், மொரிஷியஸிலிருந்து சென்னைக்கு அவர் திரும்பும் டிக்கெட்டையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள். அந்த டிக்கெட் இங்கே இமிக்ரேஷனிலும் தேவைப்படும். ரீயூனியனில் அவரைக் க்ரூ லிஸ்டில் சேர்த்துப் புதிதாகக் கொடுக்காமல் படகில் ஏற்றாதீர்கள். வந்தபோது நான்கு பேர், போகும்போது ஐந்து பேர் என்றால் தாளும் ஐந்து என்றே சொல்ல வேண்டும்.

அங்கே இருக்கும் நாள்களில் படகு தற்காலிக அனுமதியில் இருக்கும். ஐரோப்பிய விதிப்படி வெளிநாட்டில் வசிப்பவரின் படகுக்கு 18 மாதம் வரை வரியில்லை. அந்தக் காலத்தில் அதை அங்கே விற்கவும் வாடகைக்கு விடவும் கூடாது. அத்தை மகன் நண்பர்களோடு ஒரு சுற்றுப் போய்வருகிறேன் என்று கேட்டால் நீங்களும் கூடவே போங்கள். அங்கே வசிக்கும் ஒருவர் தனியாக ஓட்டினால் சலுகை ஆட்டம் கண்டுவிடும்.

திரும்பி வந்ததும் மறுபடியும் போர்ட் லூயிஸ்தான். வி.எச்.எஃப். ரேடியோவின் 16ஆவது சேனலில் துறைமுகத்தைக் கூப்பிடுங்கள், மஞ்சள் கொடியோடு அவர்கள் சொல்லும் துறையில் நில்லுங்கள். சுகாதாரம், சுங்கம், இமிக்ரேஷன், கோஸ்ட் கார்டு நால்வரும் முடித்தபின்தான் காடான் மரினாவுக்கோ கிராண்ட் பேக்கோ போகலாம். வீடு வந்தாயிற்று என்று நேரே கிராண்ட் பேயில் நங்கூரம் போடுகிற உள்ளூர்க்காரர்கள் உண்டு. அப்படிச் செய்தால் உங்கள் படகு அறிவிக்காமல் நாட்டுக்குள் நுழைந்த படகாகிவிடும்.

டர்பன் பெரிய கடல், ரீயூனியனிலிருந்து 1,400 கடல் மைலுக்கு மேல். ரீயூனியன் போய்வந்த அனுபவத்துக்குப் பிறகு தனியாக எழுதுங்கள். இப்போதைக்கு இரண்டு செய்தி. தென்னாப்பிரிக்காவில் டர்பனிலோ ரிச்சர்ட்ஸ் பேயிலோ முறைப்படி நுழைந்தபின், ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்குப் போவதற்கும் ஒவ்வொரு தடவையும் பயணத் திட்டம் பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும். உள்நாட்டுக்குள்தானே என்று விட முடியாது. அடுத்தது அகுல்லாஸ் நீரோட்டம். தென்மேற்குக் காற்று அந்த நீரோட்டத்தை எதிர்த்து வீசும்போது எழும் அலை பெரிய கப்பல்களையே உடைத்திருக்கிறது. தேதி குறித்துவிட்டோமே என்று அந்தக் கரையை நெருங்கக் கூடாது.

இந்த வாரம் விற்பனைப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பழைய சொந்தக்காரர் பதிவை நீக்கிய சான்று அதோடு இல்லையென்றால் அவருக்கு இன்றே எழுதுங்கள். அவருடைய கையெழுத்து இல்லாமல் மேலே சொன்ன எதுவும் தொடங்காது.